மேலே நிற்பவனின் பேச்சு

புகழேந்தி பொன்னுரங்கத்துக்குத் தர வேண்டியது ஆறாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். சீட்டுப் பணம். பொன்னுரங்கத்தின் பொண்டாட்டி சுப்பம்மா அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தது. "ஒரே வாரத்துல குட்துடுறேன் மச்சி" என்று வாங்கிக்கொண்டு போனவன், ஆடி மாசத்துக்குப் பிறகு ஆளே காணோம். போன் அணைந்து கிடந்தது. பெரும்பாக்கத்தில் அவன் வீட்டு வாசலில் நின்று பொன்னுரங்கம் கத்தாத கத்தல் இல்லை. அவன் பொண்டாட்டி ஜோதிலட்சுமி கதவைப் பாதி திறந்து, "என்னையுந்தாண்ணே வுட்டுட்டுப் போய்ட்டாரு" என்று அழுதாள். அதையும் பொன்னுரங்கம் நம்பவில்லை.

பணம் போனதைவிட வேறொன்றுதான் அவனை அரித்தது. அவர்கள் இரண்டு பேரும் ஜோடியாக சம்ப் கழுவுகிறவர்கள். ஒருவன் தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குவான். இன்னொருவன் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பான். கிரிக்கெட், கருவாட்டுக் குழம்பு, எதிர்வீட்டுச் சண்டை, எதுவானாலும் சரி. மேலே நிற்பவன் பேச்சை நிறுத்தக் கூடாது. கீழே இருப்பவன் 'ம்' கொட்டாமல் விடக் கூடாது. 'ம்' நின்றால் உள்ளே காற்று கெட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே கயிற்றை இழுக்க வேண்டும். அப்படித் தன் உயிரைப் பிடித்திருந்த, செப்புக் காப்புப் போட்ட அந்தக் கைதான் அரிசி டப்பாப் பணத்தோடு ஓடிப்போனது.

அதனால், ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து லாய்ட் என்று ஒருவர் போன் செய்து, "சம்ப் கழுவணும்ப்பா, தனியா வா, ரெண்டு ஆள் கூலி தர்றேன்" என்றபோது அவன் யோசிக்கவில்லை. சுப்பம்மாவிடமும் சொல்லவில்லை. பணத்தை அவள் கையில் வைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நல்ல உச்சி வெயில். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது தண்ணீர் கேன்கள்தான். வராந்தா ஓரம் முழுக்க, கல்யாண வீட்டில் அடுக்கிய மாதிரி. கால் கழுவலாமென்று தோட்டத்துக் குழாயில் கை வைத்தான்.

"அந்தப் பைப்பு வேணாண்ணே!"

லாய்டின் மனைவி லிண்டா ஓடி வந்தாள். கேனிலிருந்து சொம்பில் பிடித்து அவளே அவன் காலில் ஊற்றினாள். ஊற்றி முடித்ததும் நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். சம்ப் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு காலுக்குக் கேன் தண்ணியா? காசு இருக்கிறவர்கள் வீட்டு வழக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

கூடத்தில் ஒரு பெரிய மீன் தொட்டி. தண்ணீர் இருந்தது, மீன் இல்லை. ஒரு மரக்கட்டை மட்டும் கிடந்தது, மேலெல்லாம் சின்னப் பல் பட்ட மாதிரி வரி வரியாக. கண்ணாடி எவ்வளவு சுத்தமென்றால், அங்கே கண்ணாடி இருப்பதே விரல் முட்டிய பிறகுதான் தெரிந்தது.

"சக்கர் மீன் வெச்சிருந்தேன்" என்றார் லாய்ட். பாடம் நடத்துகிறவர் மாதிரி மெதுவான, இதமான குரல். "தி.நகர்ல ஒரு கடையில வாங்கினது. விரல் நீளம்தான் வளரும், பாசியத் தின்னு கண்ணாடியத் தொடச்சி வெச்சுக்கும்னான். நம்பினேன். சின்ன ஜாதியா பெரிய ஜாதியான்னு கண்டுபிடிக்க முதுகுத் துடுப்புல முள்ள எண்ணணும். பத்தோ அதுக்கு மேலயோ இருந்தா பெரிசு. அப்ப எனக்கு எண்ணத் தெரியல. ரெண்டு அடி வளந்துடுச்சு. ஏமாத்திட்டான்."

"ஏமாத்துறவன் நல்லாத்தான் கீறான் சார்" என்றான் பொன்னுரங்கம். மனதில் புகழேந்தி வந்து போனான்.

"ஆத்துல விடக் கூடாது. மத்த மீனையெல்லாம் அழிச்சிடும். அதான் சம்ப்ல விட்டேன். சம்ப்பும் சுத்தமா இருக்கும்ல?"

"எத்தினி மீனு சார்?"

"விட்டது நாலு." இப்போது எத்தனை என்று அவர் சொல்லவில்லை. "வீட்ல சொல்லிட்டு வந்தியா?"

"இல்ல சார்."

"சரி, பரவால்ல" என்று சிரித்தார்.

கார் நிற்கும் இடத்தில் இரும்பு மூடி திறந்திருந்தது. மோட்டார் போட்டு முழங்கால் அளவுக்குத் தண்ணீரை இறக்கி வைத்திருந்தார்கள். பொன்னுரங்கம் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை லாய்ட் கையில் கொடுத்தான்.

"பேசிக்கினே இருக்கணும் சார். நீங்க நிறுத்தக் கூடாது, நான் 'ம்' கொட்டுவேன்..."

"தெரியும்" என்றார் லாய்ட்.

ஏணியில் இறங்கும்போதுதான் அது உறுத்தியது. இவருக்கு எப்படித் தெரியும்?

உள்ளே குளிர்ச்சி. எத்தனையோ சம்ப்பில் இறங்கியிருக்கிறான்; எல்லாவற்றிலும் பாசியும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த ஒரு புளித்த வாடை மூக்கில் வந்து உட்காரும், காலடியில் சேறு வழுக்கும், சுவரைத் தடவினால் பச்சைப் பிசின் விரலோடு வரும். இங்கே வாடையே இல்லை. கைவிளக்கை அடித்தான். சுவர் நேற்றுப் பூசியது போலப் பளபளத்தது. கழுவுவதற்கு ஒன்றுமே இல்லை. எங்கோ பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிற மாதிரி, சரக் சரக்கென்று ஒரு ஓசை மட்டும், நிற்காமல், நான்கு பக்கமும்.

தண்ணீர் இறங்கிய பிறகும் சக்கர் மீன்கள் ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. கறுப்பும் பழுப்புமாகப் புள்ளி போட்ட முதுகுகள், அவன் முழங்கையைவிட நீளம். எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டான்.

"பாசி மட்டும் போதும்னு நெனைக்கறாங்கப்பா" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "தப்பு. வெள்ளரிக்காய் போடணும், சொரக்காய் போடணும்."

"ம்."

"ராத்திரியானா நல்லா பசிக்கும். பசிச்சா பக்கத்துல தூங்கற மீனு மேல போய் ஒட்டிக்கும். கடிக்காது. மேல் தோல மட்டும் கொஞ்சம் கொஞ்சமா சொரண்டும். அந்த மீனுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

"ம்."

"நடுச்சுவத்துல ஒரு வழி இருக்கும் பாரு. அந்தப் பக்கம்தான் அழுக்கு."

குனிந்து நுழைந்தான். அந்தப் பக்கம் ஆழம் கொஞ்சம் கூட. விளக்கை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையால் தண்ணீருக்குள் துழாவினான். ஓடு வேய்ந்தது போல வரிசை வரிசையாகக் கெட்டியான ஒரு உடம்பு, விரலை உரசி நகர்ந்தது. சக்கர். அடுத்து இன்னொன்று. அதுவும் சக்கர். அடுத்தது நகரவில்லை. அதன் மேல் ஓடு இல்லை. முள் இல்லை. வழவழவென்று, ஒல்லியாக, நீளமாக.

தூக்கினான்.

வெள்ளை வெளேரென்று ஒரு கை எலும்பு. துளி அழுக்கில்லை. மணிக்கட்டில் ஒரு செப்புக் காப்பு, புதுசாய் வாங்கியது போல மின்னியது. ஓரத்தில் ஒரு நசுங்கல். பட்டினப்பாக்கத்தில் ஒரு வீட்டு சம்ப் மூடி விழுந்து நசுங்கியது. அன்றைக்குக் கயிற்றைப் பிடித்திருந்தவன் பொன்னுரங்கம்தான்.

கைவிளக்கு நழுவித் தண்ணீரில் விழுந்தது. அடியில் கிடந்து எரிந்தது.

"ம்" என்றான், பழக்கத்தில்.

மேலே பேச்சு இல்லை.

எப்போது நின்றது?

"சார்?"

கயிற்றை இழுத்தான். கனமில்லாமல் வந்தது. முழுக்க வந்தது. நடுச்சுவர் வழியில் குனிந்து பார்த்தான். ஏணி இல்லை. வெளிச்சம் விழும் சதுரத்தில் லாய்டின் தலை.

"உன் நம்பர் அவன் போன்லதான்ப்பா இருந்துச்சு." அதே இதமான குரல். "கூலி வாங்கினதும் நேரா உன்கிட்டதான் வரணும்னான். அரிசி டப்பாப் பணமாமே. சொல்லிட்டே இருந்தான்."

எங்கோ லிண்டா விசும்பினாள். இரும்பு தரையில் உரசியது. சதுரம் பாதியானது. கீற்றானது.

மூடியது.

மூடிக்கு அடியில் வந்து நின்று எவ்வளவு நேரம் கத்தினான் என்று தெரியாது. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்கடியில், விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதன் கண்ணாடியில் ஒரு வட்டமான வாய் வந்து ஒட்டியது. பக்கத்தில் இன்னொன்று. வெளிச்சம் சுருங்கியது. இன்னொரு வாய்.

இருட்டு.

சுவரில் துருவும் ஓசை நின்றுவிட்டது. எல்லாம் சுவரை விட்டு இறங்கிவிட்டன.

காப்பை விடாமல் பிடித்திருந்தான். அதன் சில்லிப்பு உள்ளங்கையில் ஏறியது. புகழேந்தி வீட்டு வாசலில் நின்று கத்திய கெட்ட வார்த்தையெல்லாம் ஒன்றொன்றாய் ஞாபகம் வந்தது. தனக்குப் பணம் கொண்டுவரப் போனவன், சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்கடியில்.

கெண்டைக்காலில் ஏதோ பட்டது. குளிர்ந்து, வட்டமாக, ஒரு முத்தம் போல. வலிக்கவில்லை.

யாராவது பேச வேண்டும். பேச்சு நிற்கக் கூடாது.

"கணக்கு தீந்துச்சி மச்சி" என்றான் பொன்னுரங்கம். பல் தந்தியடித்தது. "ஒரு பைசா நீ தர வேணாம். சுப்பம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். இன்னா, கேக்குதா? நான் பேசிக்கினே கீறேன். நீ சும்மா 'ம்' கொட்டு, போதும்."

இன்னொரு கெண்டைக்கால். முழங்கால்.

நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, மெதுவாக வந்தது.

"ம்."