முதல் வளைவு வரை

போன் அடித்த பிறகு கையிலிருந்த ஸ்பானர் விழுந்ததா, ஸ்பானர் விழுந்த பிறகு போன் அடித்ததா... சரியாக ஞாபகம் இல்லை.

என் ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

"மாமா...!"

மருமகன். குரல் உடைந்திருந்தது.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"நம்ம ராக்கெட்... வீட்டுக்குக் கீழே... முதல் வளைவுல..."

ராக்கெட்!

என் மகளுக்கு நான் வைத்த பட்டப்பெயர். மூன்று வயதில் மூன்று சக்கர சைக்கிளைச் சுவரில் மோதிவிட்டு, "இன்னொரு தடவைப்பா!" என்று சிரித்தவள்.

"அடியா? எந்த ஆஸ்பத்திரி?"

மறுமுனையில் அழுகை மட்டும்.

ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை.

காலை ஏழு பத்து. வியாழக்கிழமை.

* * *

அவர்கள் வீடு மேட்டின் உச்சியில். கேட்டைத் தாண்டினால் செங்குத்தான இறக்கம். முந்நூறு அடியில் முதல் வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் பாறை.

பாறையில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்.

தரையில் வெள்ளைத் துணி. அதற்கு வெளியே ஒரு பாதம். செருப்பில்லை.

"பெடல் கால்ல தெரியணும்ப்பா" என்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவாள்.

துணியை இழுத்து அந்தப் பாதத்தை மூடினேன். பனி. குளிரும் இல்லையா?

"பெரியவரே..."

இன்ஸ்பெக்டர். நாற்பது வயதுப் பெண்மணி. தூக்கம் காணாத கண்கள்.

"மெக்கானிக்காமே நீங்க? நானும் பார்த்துட்டேன். யாரும் எதையும் வெட்டலை. பிரேக் ஆயில் ஒழுகலை. நாலு சக்கரத்துலயும் பேட், டிஸ்க் புத்தம் புதுசு. அதிக வேகம். வேற என்ன?"

நான் முன்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்துவது பேட். விரலை உள்ளே விட்டு, பேடின் முதுகுத் தகட்டைத் தடவினேன்.

தகட்டில் இருந்த எழுத்தைப் படித்தேன்.

விரல் நின்றுவிட்டது.

"மேடம்... கொஞ்சம் குனியுங்க. மெதுவாப் பேசணும்."

குனிந்தார்.

"இது ரேஸ் பேட்."

"அப்போ இன்னும் நல்லாத்தானே பிடிக்கும்?"

"சூடானா! பத்துத் தடவை மிதிச்சு சூடேத்தினா யானையையே நிறுத்தும். ஆறிக் கிடந்தா... சோப்பு மேல கால் வச்ச கதைதான். ரேஸ் ஓட்டுறவங்க முதல் ரவுண்டு பூரா மிதிச்சு மிதிச்சு சூடு பண்ணிட்டுத்தான் வேகம் எடுப்பாங்க. பனியில நின்ன வண்டி மேடம்... கேட்டைத் தாண்டினதும் இறக்கம்..."

இன்ஸ்பெக்டர் நிமிரவில்லை.

"இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. முக்கியமா உங்க மாப்பிள்ளைகிட்ட."

கேட் ஓரத்தில் மருமகன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். இன்ஸ்பெக்டர் அவனிடம் போனார்.

"பிரேக் யார் சார் மாத்தினது?"

"நான்தான் மேடம்! பழைய டிஸ்க் தேஞ்சு கிரீச்சுன்னு கத்துச்சு. அவ வேகமா ஓட்டுறவ... இருக்கிறதுலயே ஒசத்தியா வாங்கி, நேத்து ஒரு ஒர்க்‌ஷாப்ல கொடுத்தேன். பெட்டியில இருந்ததை மாட்டிக் கொடுத்தாங்க. பிரேக் பத்தி எனக்கு என்ன மேடம் தெரியும்? அது ஆணா பொண்ணான்னு கூடத் தெரியாது!"

ஓடி வந்து என் தோளில் சாய்ந்து அழுதான். என் சட்டை நனைந்தது.

நான் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

ஆமாம். தட்டிக் கொடுத்தேன்!

* * *

மறுநாள் என் ஒர்க்‌ஷாப்பில் இன்ஸ்பெக்டர் பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க பெரியவரே. ஏதோ தொண்டையில நிக்குது உங்களுக்கு."

"ரெண்டு வாரம் முன்னாடி... உதிரிபாகக் கடை. நானும் மாப்பிள்ளையும். 'உங்களுக்கு முதுகு வலி மாமா, நானே மாத்திடறேன், எது வாங்கலாம்னு மட்டும் சொல்லுங்க'ன்னார். கல்யாணமாகி நாலு வருஷம்... அவர் என்கிட்ட ஒரு விஷயம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரே பூரிப்பு. வாய் ஓயாம பேசினேன்."

"என்னன்னு?"

"ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, நாள்பட்டா விரிசல் விடும். கோடு வெட்டினது நம்ம ஓட்டத்துக்குத் தேவையில்லை. வழவழன்னு இருக்கிற சாதா டிஸ்க் போதும். அதுக்கு செராமிக் பேட். ஆறியிருந்தாலும் பிடிக்கும், சத்தம் போடாது... இது வரைக்கும் சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு. அப்புறம் அவர் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து 'இது என்ன மாமா?'ன்னார்."

"ரேஸ் பேட்?"

"ஆமா."

"ஆறியிருந்தா பிடிக்காதுன்னு சொன்னீங்களா?"

தலையில் அடித்துக்கொண்டேன்.

"அதுதான் மேடம்... தெரியலை! அப்போ கடைக்காரர் ஏதோ ஜோக் அடிச்சார். எல்லாரும் சிரிச்சோம். சொல்லிட்டுச் சிரிச்சேனா... சிரிச்சதுல சொல்ல மறந்தேனா..."

அவர் என்னையே பார்த்தார்.

"சொல்லியிருந்தா அவன் கொன்னான் மேடம். சொல்லலைன்னா... நான் கொன்னேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"கோர்ட்டுல 'சொன்னேனா தெரியலை'ன்னா, எதிர் வக்கீல் உங்களைப் பஞ்சு பஞ்சாப் பிச்சிடுவான். அவருக்குக் கொல்லக் காரணம் ஏதாவது இருக்கா?"

"'வெள்ளிக்கிழமை மொத்தமா வந்துடறேம்ப்பா, பெட்டி கட்டிட்டேன், ஏன்னு நேர்ல சொல்றேன்'னு புதன்கிழமை என் பொண்ணு போன் பண்ணினா."

"அவருக்குத் தெரியுமா?"

"கட்டின பெட்டி கண்ணுக்குத் தெரியாதா மேடம்?"

"வெள்ளிக்கிழமை..." இன்ஸ்பெக்டர் காலண்டரைப் பார்த்தார். "இன்னிக்கு."

நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

அவர் எழுந்து, மூலையில் நின்ற நீல நிறக் காரைச் சுற்றி வந்தார்.

"இது அதே மாடல் மாதிரி இருக்கே?"

"அதேதான்."

"நல்லது. ஒரு பிரேக் வேலை இருக்கு உங்களுக்கு."

* * *

பத்தாம் நாள். காலை ஏழு மணி. அதே பனி.

"ஃபைலை மூடணும் சார். விபத்துதான். ஒரு சம்பிரதாயத்துக்கு நீங்க ஒரு தடவை ஓட்டிக் காட்டிடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "அதே மாடல். நீங்க வாங்கின அதே பேட், அதே டிஸ்க்."

மருமகனின் முகம் வெளுத்துப்போனது.

"ந... நானா?"

"எனக்கு இறக்கம்னாலே தலை சுத்தும். ஏறுங்க."

ஏறினான். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். பின்சீட்டில் மடங்கி நான்.

கார் நகர்ந்தது.

அவன் வலது கால் ஆக்ஸிலரேட்டரில்...

இடது கால் பிரேக்கில்!

இரண்டையும் சேர்த்து மிதித்தான். கார் முனகியது. விட்டான். மறுபடி மிதித்தான்.

ஒன்று... இரண்டு... மூன்று...

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"என்ன சார், மாட்டு வண்டியா ஓட்டுறீங்க? அவங்க ஓட்டின வேகத்துல போங்க!"

"ஒரு நிமிஷம் மேடம்... முற்றத்துலயே ஒரு சுத்து..."

"எனக்கு மீட்டிங் இருக்கு. கேட்டைத் தாண்டுங்க!"

தாண்டினான். இறக்கம். கார் தானாகவே வேகம் பிடித்தது. பாறை பெரிதாகிக்கொண்டே வந்தது...

"சூடாகலை!" அலறினான். "இன்னும் சூடாகலை மேடம்! பிடிக்காது!"

இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான்.

கார் ஆணியடித்த மாதிரி நின்றது.

வளைவுக்கு இன்னும் முப்பது அடி இருந்தது.

எங்கோ ஒரு பறவை ஒருமுறை கத்திவிட்டு ஓய்ந்தது.

"பிடிச்சிடுச்சே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் ஸ்டியரிங்கை விடவில்லை.

"செராமிக் மாப்பிள்ளை," என்றேன் பின்னாலிருந்து. "வழவழ டிஸ்க். என் பொண்ணுக்கு வாங்கச் சொன்னேனே... அதே."

"சூடாகலைன்னா பிடிக்காதா சார்?" இன்ஸ்பெக்டரின் குரல் வெண்ணெயாக இருந்தது. "பிரேக் ஆணா பொண்ணான்னு கூடத் தெரியாதுன்னீங்க. யாரு சொல்லிக் கொடுத்தது?"

"இவர்!" திரும்பி என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினான். "இவர்தான் மேடம்! 'ஆறியிருந்தா முதல் வளைவுலயே ஆளைக் கொன்னுடும், வீட்டு வண்டிக்குப் போடவே போடாதீங்க மாப்பிள்ளை'ன்னு கடையில வச்சு இவர்தான்..."

நிறுத்தினான்.

இந்த பிரேக்கும் தாமதமாகத்தான் பிடித்தது.

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்த ரெக்கார்டரை அணைத்தார்.

நான் சொல்லியிருக்கிறேன்!

வார்த்தை பிசகாமல் சொல்லியிருக்கிறேன். என் மகளை நான் கொல்லவில்லை. எப்படிக் கொல்வது என்று மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பின்சீட்டில் குனிந்து, அந்தப் பத்து நாளும் வராத அழுகையை அழுதேன்.

* * *

மருமகன் பிறகு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். "என்னை விட்டுட்டுப் போறேன்னா... போக விடக்கூடாதுன்னு தோணுச்சு" என்றானாம். ஆயுள் தண்டனை. இன்ஸ்பெக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். வருடத்துக்கு ஒரு முறை, அவள் போன தேதியில், போன் செய்வார். இருவரும் அதிகம் பேச மாட்டோம். சிவப்புக் கார் பழைய இரும்புக்குப் போனது. நீலக் காரை நான்தான் ஓட்டுகிறேன், செருப்பில்லாமல். மகள் கட்டி வைத்த பெட்டி என் வீட்டுக்கு வந்துசேர்ந்தது, வெள்ளிக்கிழமையே. இன்னும் திறக்கவில்லை.

ஒர்க்‌ஷாப்பை மூடவில்லை. "எந்த பேட் நல்லதுங்க?" என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். உடனே சொல்லிவிடுவதில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்பேன்.

"வண்டி ஓட்டப் போறது நீங்களா... உங்க வீட்டம்மாவா?"