கையளைக் காட்டுங்கோ

கடைக்குள் ஒரு இலையான்கூட இல்லை. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்கிற காலம். புத்தூர்ச் சந்தியில் வாழைக்குலை தொங்குகிற இடத்திலிருந்து மீன் விற்கிற இடம்வரை இலையான் மொய்க்காத மூலை கிடையாது. பதினாறு வருடமாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருக்கிற கனிசியஸுக்கு அது திருப்தியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் கால் வைத்ததுமே அவருக்குத் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது.

முறைப்பாட்டுக் கடிதத்தில் பெயர் இல்லை. இடியப்பத்துக்குள் கிடந்ததென்று ஒரு நகத்தைக் கடதாசியில் மடித்து வைத்திருந்தார்கள். வெட்டி விழுந்த துண்டல்ல. வேரோடு கழன்ற முழு நகம்.

கடையில் முதலாளி வின்சன்ற், அவர் மனைவி சிசிலியா, சமைக்கிற இரத்தினம்மா. மூன்று பேருக்கும் மருத்துவச் சான்றிதழ் சரியாக இருந்தது. குசினியைக் கனிசியஸ் மூலைமூலையாகப் பார்த்தார். கழுவிய நிலம், மூடிய பானைகள், வேறு வாசல் இல்லாத சுவர்கள். அவித்த மாவின் மணத்துக்கு அடியில், நெடுநாள் தண்ணீரில் ஊறிய துணியின் வாடை ஒன்று, அவர் நெருங்க நெருங்க விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தது. கரண்ட் நின்றுபோயிற்று. பின்னேரம் மூன்று மணிக்கே குசினி கறுத்துவிட்டது.

அவர் வெளியே வந்து, சாப்பாடு கொடுக்கிற சிறிய யன்னலடியில் படிவத்தோடு உட்கார்ந்தார். அங்கே மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

"எல்லாரும் உள்ளுக்கு நிண்டு கையளைக் காட்டுங்கோ."

யன்னல் பலகையில் கைகள் வந்து படிந்தன. எண்ணெய் சுட்ட தழும்போடு வின்சன்றின் கைகள். மோதிரம் இறுகிய சிசிலியாவின் கைகள். மஞ்சள் ஏறிய இரத்தினம்மாவின் கைகள். எல்லா நகங்களும் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. நான்காவது சோடி ஊறி வெளுத்திருந்தது. மோதிர விரலில் நகம் இல்லை.

"திருப்புங்கோ," என்றார், எழுதிக்கொண்டே.

கைகள் திரும்பின. எட்டுக் கைகள்.

பேனா நின்றது.

"எத்தினை பேர் வேலை செய்யிறியள்?"

"மூண்டு பேர்தான் சேர்." வின்சன்றின் குரல் நூலாகியிருந்தது.

"வெளியிலை வாங்கோ. மூண்டு பேரும்."

மூவரும் வந்து அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்றார்கள். ஒருவரும் யன்னலைப் பார்க்கவில்லை. பலகையில் இரண்டு கைகள் அப்படியே இருந்தன.

"கடிதம் போட்டது நான்தான் சேர்," என்றார் வின்சன்ற். "ரெண்டு தரம் கடையைப் பூட்டிப் பாத்தனாங்கள். காலமை திறந்தால் இடியப்பம் அவிஞ்சு கிடக்கும். நீங்கள் சீல் வைச்சாலாவது நிக்குமோ எண்டு..."

"ஆர் உது?"

"கதையாதேங்கோ சேர்," என்றாள் இரத்தினம்மா. அழுதுகொண்டிருந்தாள். "அதுக்குக் கேக்கும்."

கனிசியஸ் படிவத்தைத் திருப்பினார். 'உடன் மூடப்பட வேண்டும்' என்று எழுதப் பேனாவை ஊன்றினார். முதல் எழுத்து விழுமுன் அவருடைய மணிக்கட்டில் குளிர் பட்டது. இறுக்கவில்லை. பிள்ளையைத் தெருவில் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பிடிப்பதுபோல அந்த வெளுத்த கை பிடித்திருந்தது. இழுத்தார். வரவில்லை. மற்றக் கையால் பலகையைத் தள்ளி இழுத்தார். தோள்மூட்டுத்தான் நொந்தது.

பின்னால் வேறொரு கதிரை விழுந்தது. மழைக்குள் ஓடுகிற காலடிகள்.

"வின்சன்ற்! அண்ணை!"

ஒருவரும் இல்லை.

உள்ளே இருட்டில் ஏதோ அசைந்தது. பலகையின் விளிம்பில் இன்னொரு சோடி ஏறி வந்தது. சின்னக் கைகள். அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. ஊறி வெளுத்த விரல்கள்.

எல்லாம் மெல்லத் திரும்பி, உள்ளங்கை மேலே தெரிய, அவர் பார்ப்பதற்காகக் காத்திருந்தன.