பதினெட்டாம் நம்பர் பாட்டில்

சகாதேவன் மூன்று நாளாக இருமவில்லை. நுரையீரலில் புற்று முற்றிய மனிதர் இருமாமல் படுத்திருந்தால், பெண்டாட்டி கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்த வேண்டும். சரோஜா போகவில்லை. ஏனென்றால் இருமல் நிற்கவில்லை. அது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்று குட்டி இருமல். பிறகு அடிவயிற்றிலிருந்து இழுத்துக்கொண்டு வரும் ஒரு நீள இருமல். முடிவில் களைத்துப்போன ஒரு முனகல். பக்கத்து வீட்டு ஆதிமூலம் அப்படித்தான் இருமுவார். ஆனால் அவர் செத்து இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. காரியம் முடிந்த கையோடு அவர் மனைவி ராஜம்மாள் வீட்டைப் பூட்டி, சாவியைச் சரோஜாவிடம் கொடுத்துவிட்டுப் போளூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

பேகோபுரத் தெருவில் ஒரே சுவரின் இரண்டு பக்கம் இரண்டு குடித்தனம். ஆண்கள் இருவருக்கும் ஒரே அரிசி மில், ஒரே பீடிக்கட்டு, கடைசியில் நோயும் ஒன்றே. மெட்ராசில் ஒரு ஆஸ்பத்திரியில் புது மருந்துப் பரிசோதனைக்கு இருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஊசி எல்லாருக்கும் போடுவதுதான். அதோடு தினம் ஒரு புது மாத்திரை.

"பாதிப் பேர் பாட்டில்ல மருந்து இருக்கும், பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுனு எனக்கே தெரியாதும்மா. இது சேர்ந்தா ஜாஸ்தி குணம் வருதானு பாக்கிறோம்," என்றார் டாக்டர். சகாதேவனுக்குப் பதினேழாம் நம்பர் பாட்டில் வந்தது. ஆதிமூலத்துக்குப் பதினெட்டு.

இரண்டு மாதத்தில் ஆதிமூலம் எழுந்து டீக்கடைவரை நடந்தார். சகாதேவன் பாயோடு பாயாக ஒட்டிப்போனார். உதடெல்லாம் புண், உடம்பெல்லாம் நீலத் திட்டு. மருந்து எந்த பாட்டிலில் இருக்கிறது என்று சொல்ல டாக்டருக்குப் படிக்க வேண்டுமா என்ன?

பௌர்ணமிதோறும் ராஜம்மாள் புருஷனுக்காக மலை சுற்றப் போவாள். "சரோஜா, மறக்காம அவருக்கு மாத்திரை குடுத்துடு. உன்ன நம்பித்தான் போறேன்," என்பாள். தைப் பௌர்ணமியன்றும் சொல்லிவிட்டுப் போனாள். சரோஜா மறக்கவில்லை. ஆதிமூலம் தூங்கும்போது இரண்டு பாட்டிலையும் முந்தானையில் கவிழ்த்து, இதிலிருந்ததை அதிலும் அதிலிருந்ததை இதிலும் போட்டு மூடினாள். மாசியில் புதிதாக வந்த பாட்டில்களிலும் அதையே செய்தாள். புண்ணும் நீலத் திட்டும் சுவரைத் தாண்டிப் போயின. சகாதேவன் சோறு கேட்டார். ஆதிமூலம் பங்குனி கடைசியில் செத்தார். சரோஜா நன்றாகவே அழுதாள்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கவரைப் பிரித்துக் காட்டினார். "பரிசோதனைய நிறுத்திட்டோம்மா. இந்த மாத்திரை ஆளையே முடிச்சிடுது. உங்க வீட்டுக்காரருக்கு வந்தது அந்த மருந்துதான். எப்படிப் பொழைச்சாருனே புரியல. பக்கத்து வீட்டுக்காரருக்கு வெறும் மாவு. அவரு ஏன் அப்படிப் போனாருனும் புரியல."

சரோஜாவுக்குப் புரிந்தது. மருந்தைத் திருடப் போனவள், ஒரு மனுஷனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஊட்டிவிட்டு வந்திருக்கிறாள். அதைவிடக் கேவலம், திரும்பி வரும் பஸ்ஸில் அவள் மனசு சந்தோஷப்பட்டது. எப்படியோ, என் புருஷன் எனக்கு மிஞ்சினார் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று மத்தியானம், அக்கினி நட்சத்திர வெயிலுக்குப் பயந்து தெருவே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க, காலையிலிருந்து வாங்கிய சூட்டையெல்லாம் மலை ஊரின்மேல் திருப்பி ஊதிக்கொண்டிருக்க, சுவரின் அந்தப் பக்கம் இருமல் மறுபடி எழும்பி, ஆதிமூலம் முன்பு படுத்திருந்த இடத்திலிருந்து மெல்ல நகர்ந்து, சரியாகச் சகாதேவனின் தலைமாட்டுக்கு நேராக வந்து நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தார். சரோஜா சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பூட்டு விரலைச் சுட்டது. உள்ளே இருட்டு, டெட்டால் நாற்றம், அதற்கும் கீழே வாயில் புண் வந்தவர்களின் அந்தப் புளித்த வாடை. கட்டில் காலியாக இருந்தது. சுவரோரம் யாருமில்லை. சத்தமும் இல்லை. வெறும் மனப்பிராந்தி என்று மூச்சை விட்டாள்.

அப்போது இருமல் கேட்டது.

அவள் வீட்டிலிருந்து.

மூன்று குட்டி இருமல். ஒரு நீளம்.

ஓடினாள். சகாதேவன் எழுந்து உட்கார்ந்திருந்தார். வாய் மூடியிருந்தது. உதடு அசையவில்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. இருமல் அதற்குள்ளிருந்து வந்தது. முனகலும் வந்தது.

"என்னங்க..."

அவர் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"ராஜம் வந்துட்டாளா?"

குரல் அவருடையது அல்ல. ராஜம்மாளை ராஜம் என்று கூப்பிட ஊரில் ஒருவர்தான் இருந்தார்.

வாசலில் நிழல் விழுந்தது. கையில் பையோடு ராஜம்மாள் நின்றாள். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருக்கிறாள், காலெல்லாம் புழுதி. அவள் அலறவில்லை. சரோஜா ஒருத்தி அங்கே நிற்பதே தெரியாதவள்போலக் கடந்து வந்து, சகாதேவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நெஞ்சை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"மூணு நாளா போளூருக்கே கேக்குதுங்க. வராம இருந்துடுவேனா? எழுந்திருங்க, நம்ம வீட்டுக்குப் போலாம்."

"அக்கா! அவரு என் வீட்டுக்காரரு!"

ராஜம்மாள் நிதானமாகத் திரும்பினாள்.

"எங்க வீட்டுக்காரரு இருமுறது எனக்குத் தெரியாதா சரோஜா?"

அவர் எழுந்தார். ஆறு மாதமாகத் தானே எழுந்து நிற்காத மனிதர், ராஜம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சரோஜா அவர் கையைப் பற்றினாள். அவர் விரல் விரலாக விடுவித்துக்கொண்டார்.

நிலைப்படியில் நின்று திரும்பினார். பன்னிரண்டு வருஷம் அவளோடு குடித்தனம் செய்தவர், அடுத்த வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மரியாதையாகக் கை கூப்பினார்.

பக்கத்து வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டுக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ராஜம்மாள் சிரித்தாள்.