கழற்றிய கூடை

வண்டியின் முன்விளக்குக் கூட்டில் அடித்திருந்த கறுப்புப் பெயிண்ட் காய்வதற்குள் யாரோ அதில் கை வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும், இறுக்கிப் பிடித்த மாதிரி, பிஞ்சு விரல்கள் தெளிவாகப் பதிந்திருந்தன.

"கவிஷா! இங்க வாடி!"

ஷர்மினி கிளினிக்கிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. நாள் முழுக்க கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் இருமலையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஜெலுத்தோங் ரோட்டு நெரிசலில் வெந்து நொந்து வீட்டுக்கு வந்தால், ஹாலின் நடுவே காலை ஊன்றி நிற்கிறது இந்தச் சனியன். பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள். அது வந்த நாளிலிருந்து அவள் வீடு அவள் வீடாக இல்லை. சோபா சுவரோரம் ஒதுங்கிவிட்டது. சாமி மேடைக்குக் கீழே பிஸ்கட் டின் நிறைய நட்டும் போல்ட்டும். அவள் உடுத்திப் பழகிய பருத்தி நைட்டியைக் கிழித்து எண்ணெய் துடைத்தான் அவள் புருஷன் சிவநேசன். கார்பரேட்டரை அழுக்குப் போக வேகவைக்க மகராசனுக்கு வேறு பாத்திரம் கிடைக்கவில்லை, இட்லிப் பானையை எடுத்துக்கொண்டான். கேட்டதற்கு, "கழுவி வெச்சிட்டேன் லா," என்றான். அதற்கப்புறம் அவித்த இட்லியெல்லாம் பெட்ரோல் மணத்தது.

கவிஷா அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆறு வயது, முன்பல் விழுந்த வாய்.

"நான் தொடலம்மா."

"பொய் சொன்னா பிச்சிருவேன். பின்ன யாரு, பக்கத்து வீட்டு பூனையா?"

மகளின் கையைப் பிடித்து இழுத்து வந்து, இதோ பார் என்று அந்தத் தடத்தின் மேல் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள். பிள்ளையின் விரல்கள் தடத்தைத் தாண்டி வெளியே நீண்டன. அது இன்னும் சின்னக் கை. இப்போதுதான் பேச்சு வரத் தொடங்கியிருக்கும் குழந்தையின் கை.

இன்னொன்றும் இருந்தது. முன்னால் நின்று தொட்டிருந்தால் விரல்நுனிகள் சீட்டைப் பார்த்து மடங்கியிருக்கும். இவை, மோட்டாரின் மூக்கைப் போலவே, வாசலைப் பார்த்திருந்தன. மோட்டாரின் மேல் உட்கார்ந்துகொண்டு, பின்னாலிருந்து எட்டிப் பிடித்தால்தான் அப்படிப் பதியும்.

சிவநேசன் வந்ததும் காட்டினாள். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் டெக்னீஷியன் அவன். மெஷின் என்றால் உயிர், மனுஷி என்றால் காது கேட்காது.

"அலாமா, பெயிண்ட் போச்சே," என்றான். அவ்வளவுதான். சேண்ட் பேப்பரை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கு ஒரே கனவு. இந்தக் கிழட்டு வண்டியின் மூடிகளையெல்லாம் உரித்து, தட்டையான ஹேண்டிலும் உருண்டை விளக்கும் வைத்து, ஒல்லியாக, இளவட்டப் பையன்கள் ஓட்டுகிற ஸ்டைலில் ஆக்கிவிட வேண்டும். நாற்பதை நெருங்குகிறவனுக்கு ஏன் இந்த ஆசை என்று அவள் கேட்காத நாளில்லை. வாங்கி வந்தபோது அதில் சீட்டுக்கு முன்னால் பிரம்புக் கூடை ஒன்று மாட்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து அப்பாக்கள் பாசாருக்கு ஓட்டிப் போவார்களே, அந்தக் கூடை. பிரம்பு பழுத்து, கைப்பிடி மட்டும் எச்சிலும் வியர்வையும் பட்டு மினுமினுத்தது. முதல் வேலையாக அவன் அதைத்தான் கழற்றினான். ஸ்டைலுக்கு ஒத்துவராதாம்.

கழற்றிய கூடை வீட்டுப் பின்புறம், துணி துவைக்கிற இடத்தில் கிடந்தது. மறுநாள் கிளினிக் லீவு. மத்தியானம் ஷர்மினி அங்கே துணி அலசிக்கொண்டிருந்தாள். மழை தகரக் கூரையில் கொட்டோ கொட்டென்று கொட்ட, சாக்கடைத் தண்ணீர் பொங்கி ஓடுகிற சத்தத்துக்கும் வாஷிங் மெஷின் உறுமலுக்கும் நடுவே, முதுகுக்குப் பின்னால் பிரம்பு முனகுவது அவளுக்குத் தனியாகக் கேட்டது. யாரோ அதில் ஏறி உட்கார்ந்து, சரியாக உட்காராமல் அசைந்து, மறுபடி உட்காருகிற முனகல். திரும்பினாள். கூடை சும்மா கிடந்தது. ஈரமாக இருந்தது. மழை அந்த மூலைக்கு எட்டாது என்பது அவளுக்குத் தெரியும். கூடவே ஒரு வாசனை. நனைந்து கட்டி தட்டிப்போன குழந்தைப் பவுடர் வாசனை. கவிஷாவுக்குப் பவுடர் போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

சாயங்காலம் பார்த்தால் கூடை ஹாலில் இருந்தது. மோட்டாரின் முன்சக்கரத்தை ஒட்டி.

"யாருடி இத இழுத்துட்டு வந்தது?"

கவிஷா தலையை ஆட்டினாள். "அதுவா வந்துச்சு."

பயம் வந்தால் ஷர்மினிக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், பிறவிக் குணம். அன்றைக்கு அது மொத்தமும் சிவநேசன் மேல் போய் விழுந்தது.

"இந்த வண்டிய எங்க வாங்குனீங்க? உண்மைய சொல்லுங்க."

"கெப்பாலா பத்தாஸ்ல. நூர் பீவின்னு ஒரு அக்கா. புருஷனோட மோட்டாராம், சும்மா கெடந்துச்சு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

அவன் ஸ்பேனரைத் துடைத்தான். தேவையே இல்லாமல் மறுபடி துடைத்தான்.

"கூடைய மட்டும் கழட்டாதீங்க தம்பின்னாங்க."

"ஏன்?"

"எடம் இருந்தா அது பாட்டுக்கு உக்காந்திருக்கும்னாங்க. எது உக்காந்திருக்கும்னு நான் கேக்கல. பாவம், வயசானவங்க, என்னமோ பேசுறாங்கன்னு வந்துட்டேன்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வாங்க விட்டிருப்பியா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் பக்கத்தில் ஒரு பெண் நின்று கும்பிடாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து, பிள்ளை தூங்குகிற வீட்டில், நடு ஹாலில் நிறுத்தியிருக்கிறான். அத்தனை நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. மோட்டார் வேண்டுமென்றால் இவனுக்குப் பெண்டாட்டியும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம்.

"திரும்ப மாட்டுங்க. இப்பவே."

"எங்க மாட்டுறது? அது நிக்கிற இரும்பையே கிரைண்டர் போட்டு அறுத்துட்டேன். கழுத்து சுத்தமா வந்திருக்கு, பாரு."

பெருமையாகத்தான் சொன்னான். அவள் கையிலிருந்த துணிக்கூடையைத் தூக்கி அடித்தாள். அது சுவரில் பட்டு விழுந்தது. அவன் மறுபடி ஸ்பேனரை எடுத்துக்கொண்டான். ஆனால் விடிந்ததும், அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு, பிரச்சினையைத் தீர்க்கிறேன் பேர்வழி என்று பிரம்புக் கூடையைத் தூக்கிக் குப்பை லோரியில் போட்டுவிட்டான்.

அன்று கவிஷா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "கூடை போச்சே. இனிமே அது எங்கம்மா உக்காரும்?"

ஷர்மினி எழுந்து போய் ஹால் விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் மோட்டாரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சுவரை உரசிக்கொண்டுதான் போனாள். புது சீட்டு வந்தது. தேன் நிறத் தோல், நீளமாக, இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். வந்த அன்றைக்கே அதன் நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது. ஓட்டுகிறவன் உட்காரும் இடத்தில் இல்லை. பின்னால் உட்காருகிறவர் இடத்திலும் இல்லை. இரண்டுக்கும் இடையில். சின்னக் குழி. உள்ளங்கையால் அழுத்தித் தடவினாள், மேலெழும்பிச் சமமானது. சமையலறைக்குப் போய்த் திரும்பினாள். மறுபடியும் குழி. தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

"ஸ்பாஞ்சு மட்டம்," என்றான் சிவநேசன். "கடைக்கார டவுக்கே ஏமாத்திட்டான்."

வெள்ளிக்கிழமை மாலை வண்டி முழுதாக எழுந்து நின்றது. என்ன கோபம் இருந்தாலும் பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுவும் அவளுக்கு எரிச்சல். முதல் ஓட்டம் தண்ணீர்மலைக் கோயிலுக்கு. ஐயரிடம் கொடுத்துப் பூசை போட வேண்டும், கவிஷாவையும் கூட்டிப் போவதாகச் சொல்லி வைத்திருந்தான். பிள்ளை பச்சைப் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு குதித்தது.

"அவ வரமாட்டா," என்றாள் ஷர்மினி. "நீங்க மட்டும் போங்க. நாங்க கிராப் டாக்ஸில வர்றோம்."

"எம்பிள்ளைய எம்மோட்டார்ல ஏத்த நான் உங்கிட்ட பெர்மிஷன் கேக்கணுமா? நீ வந்தா வா, வராட்டி போ. அவ வருவா."

அவன் முகத்தில் அந்தப் பிடிவாதம் வந்துவிட்டால் மலையைப் பெயர்த்தாலும் அவனைப் பெயர்க்க முடியாது. ஷர்மினி பல்லைக் கடித்தாள். பிள்ளையை அந்தச் சீட்டின் மேல், அந்தக் குழியின் மேல், இவனோடு தனியாக அனுப்புவதா? செத்தாலும் மாட்டாள்.

"நானும் வர்றேன். அவள நடுவுல வெச்சு நான் பிடிச்சுக்கறேன்."

நடுவில் பிள்ளை இருந்தால் அங்கே வேறெதற்கும் இடம் இருக்காது. அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள்.

வண்டியை வாசலுக்கு உருட்டினான். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். வானம் கறுத்து, தூறல் கனக்க ஆரம்பித்தது. எதிர் வீட்டில் விளக்கு போட்டார்கள். சிவநேசன் உதைத்தான். எஞ்சின் இருமி, பிடித்து, தெருவே அதிரக் கத்தியது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஷர்மினி பின்னால் ஏறி, நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"கவிஷா! கொக்கில மழக்கோட்டு மாட்டியிருக்கு பாரு, போட்டுட்டு வா!"

"ஷூ காணோம்மா!" உள்ளேயிருந்து குரல்.

"நேத்தே எடுத்து வைன்னு சொன்னேனா இல்லையா!"

மழை கன்னத்தில் அடித்தது. எஞ்சின் கத்தியது. சிவநேசன் எரிச்சலாக ஹாரனை அழுத்தினான். அவளுக்கு எல்லாமே தலைக்கு ஏறியது. இவன், இவன் மோட்டார், கிழிந்த நைட்டி, பெட்ரோல் இட்லி, எத்தனை சொன்னாலும் கேட்காத பிள்ளை, இந்த மழை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள்.

"சீக்கிரம் வந்து ஏறித் தொலையேன்!"

சீட்டு லேசாக அமுங்கியது.

கண்ணைத் திறந்தபோது மஞ்சள் மழைக்கோட்டு அவளுக்கு முன்னால் இருந்தது. கோட்டின் தலைமூடியை இழுத்து முகம் வரை விட்டுக்கொண்டு, அப்பாவின் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. கத்தியதற்கு உடனே மனசு வலித்தது அவளுக்கு. பாவம், பிள்ளை பயந்துவிட்டது. இரண்டு கைகளாலும் இறுக அணைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்றான் சிவநேசன்.

"ஆச்சு," என்றது சின்னக் குரல்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி கிளம்பியது.

தலைமூடியின் மேல் தாடையை வைத்துக்கொண்டாள். அவள் நெஞ்சோடு ஒட்டியிருந்த சின்ன முதுகில் சூடே இல்லை. மழையில் நனைந்ததால் இருக்கும். உயரம் குறைவாகத் தெரிந்தது. குனிந்து உட்கார்ந்திருக்கிறாள் போல. மழை வாசனை, புகை வாசனை, எலுமிச்சை வாசனை.

பவுடர் வாசனை.

நனைந்த பவுடர்.

"கவிஷா," என்றாள்.

பதில் இல்லை.

"செல்லம், இவ்ளோ டைட்டா பிடிக்காத," என்று முன்னாலிருந்து சிவநேசன் சிரித்தான். "அப்பாவுக்கு வலிக்குது லா."

தெருவின் நடுவே வேகத்தடை. அதைத் தாண்ட வண்டி வேகம் குறைந்தது. கதவைப் பூட்டினோமா? ஏனோ அதுதான் தோன்றியது. திரும்பிப் பார்த்தாள்.

கேட் திறந்திருந்தது.

கேட்டுக்கு வெளியே, நடுத் தெருவில், மழையில், கவிஷா. பச்சைப் பட்டுப் பாவாடை. மழைக்கோட்டு இல்லை. ஒரு காலில் ஷூ. இன்னொன்று கையில்.

வாய் திறந்திருந்தது. அம்மா என்றுதான் கத்தியிருப்பாள். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

பிள்ளை ஓடி வர ஆரம்பித்தாள்.

நிறுத்துங்க என்று கத்தினாள் ஷர்மினி. சிவநேசன் காதில் விழவில்லை. அணைத்திருந்த கைகளைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. மஞ்சள் கோட்டின் கைகளுக்குள்ளிருந்து சின்ன விரல்கள், ஈரமாக, சில்லென்று, அவள் விரல்களுக்குள் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டன. நகக்கண்ணெல்லாம் கறுப்புப் பெயிண்ட்.

ஹேண்டில் கண்ணாடியில் கவிஷா சின்னதாகிக்கொண்டே வந்தாள். இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தாள்.

சிவநேசன் கியர் மாற்றினான். வண்டி வேகம் எடுத்தது. அவள் தாடைக்கு அடியில் மஞ்சள் தலைமூடி அசைந்தது. மெதுவாக, அவளைப் பார்க்க, பின்பக்கம் திரும்பத் தொடங்கியது.