மருமகளுக்கு வராத பிளஸ்

மணி ஐந்து ஐம்பது ஆகியும் போன் சிணுங்கவில்லை.

பரஸ்கா அதைச் சாப்பாட்டு மேசைமேல் கண்ணெதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழைய பட்டன் போன்தான். தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு அது ஒரே ஒரு தடவை சத்தம் போடும். திறந்தால் ஒரு பிளஸ் குறி இருக்கும், வேறு ஒரு எழுத்தும் இருக்காது. போர்முனையில் கிடக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்புகிற கடுதாசி அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறேன், இன்றைக்கும் இருக்கிறேன் என்று அர்த்தம்.

ரேடியோவில் ராத்திரிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வந்த ட்ரோன்கள் எத்தனை, சுட்டு வீழ்த்தியது எத்தனை, எந்த ஊர்ப் பக்கம் சண்டை கடுமை, எந்த ஊரில் கரண்ட் இல்லை... பரஸ்கா அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு செய்தி.

"இன்னும் வரலை! பத்து நிமிஷம் ஆயிடுச்சு. நீ பாட்டுக்குக் கஞ்சியைக் கிண்டிட்டு நிக்கறியே, பொம்பளையா நீ?"

அடுப்படியில் நின்ற சொலோமியா திரும்பவில்லை. வியாழக்கிழமை அவளுக்கு ரொட்டி ஆலையில் விடுமுறை. மற்ற நாளென்றால் நாலு மணிக்கே கிளம்பிப் போயிருப்பாள்.

"வரும் அத்தை. கோழிக்குத் தண்ணி வெச்சிட்டு வந்துடறேன்."

"உக்காரு இங்க! கோழி ஒண்ணும் செத்துப் போயிடாது. எம் புள்ள இருக்கானா இல்லையான்னு தெரியாம நீ வாசப்படி தாண்டக் கூடாது!"

சொலோமியா உட்கார்ந்தாள். இடுப்பில் கட்டிய சமையல் துணியின் பைக்குள் அவள் கை தவித்தது. இன்னும் பத்து நிமிஷம் போனது. பரஸ்காவின் கை நெஞ்சுக்குப் போயிற்று. அதைப் பார்த்ததும் மருமகள் சட்டென்று எழுந்தாள்.

"மாத்திரை எடுத்துட்டு வரேன் அத்தை."

அவள் உள்ளறைக்குப் போன கையோடு போன் சிணுங்கியது. மகன் நஸாரின் பெயர், கீழே ஒரு பிளஸ்.

"என் கண்ணே! என் தங்கமே!" பரஸ்கா போனை முத்தமிட்டாள், மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள். பயம் போனதும் நாக்கு திரும்பி வந்தது. மாத்திரையோடு வந்து நின்ற மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்கு வந்துச்சா?"

"இல்ல அத்தை."

"வராது! எப்படி வரும்? பெத்தவளை மறக்கல எம் புள்ள. கட்டினவளை மறந்துட்டான்னா காரணம் இருக்கும்ல? நீயே யோசிச்சுப் பாரு, என்ன பண்ணினேன்னு!"

நாலு மாதமாக இதே பாட்டுதான். அதற்கு முன்பெல்லாம் பிளஸ் சொலோமியாவின் போனுக்குத்தான் வரும். அவள் ஓடி வந்து மாமியாருக்குக் காட்டுவாள். பிப்ரவரியில் பரஸ்காவுக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் சொலோமியா மாமியாரின் போனை வாங்கி, ஏதோ எண்ணைப் பதிந்து கொடுத்தாள். 'அவர் நம்பர் மாத்திட்டாரு அத்தை. இனிமே உங்களுக்கே அனுப்புவாராம். அவர் இருக்கிற இடத்துல பேசக்கூடாதாம், நாமளும் கூப்பிடக்கூடாதாம்.' அன்று முதல் அம்மாவுக்குத் தினமும் ஒரு பிளஸ், மனைவிக்கு ஒன்றுமில்லை. பரஸ்காவுக்கு அது பெருமையாகவும் இருந்தது, சந்தேகமாகவும் இருந்தது. பெருமையை ஊருக்குச் சொன்னாள். சந்தேகத்தை மருமகள் தலையில் கொட்டினாள்.

சொலோமியா கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்குத் தைத்த, சிவப்பு நூல் பூவேலை போட்ட மேல்சட்டை! உதட்டில் சாயம் வேறு!

"எங்கடி?"

"டவுனுக்கு... ஒரு வேலை இருக்கு. மத்தியானம் வந்துடுவேன்."

"ஒவ்வொரு வியாழனும் அப்படி என்னடி வேலை? அவன் பதுங்குகுழியில மண்ணைத் தின்னுட்டுக் கிடக்கான். நீ கல்யாணச் சட்டையில மினுக்கிட்டுப் போறே! யாரு பார்க்கறதுக்கு?"

சொலோமியா சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டாள். "அவர் பார்க்கறதுக்குத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாசலில் இருந்த நீளமான பையைத் தூக்கிக்கொண்டு ஏழு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பரஸ்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாளியை எடுத்துக்கொண்டு உருளைக்கிழங்குப் பாத்திக்குப் போய் வண்டு பொறுக்கினாள். ஒவ்வொரு வண்டையும் உப்புத் தண்ணீரில் போடும்போது ஒரு திட்டு. நாலு வரிசைகூட முடியவில்லை. வாளியை அங்கேயே வைத்துவிட்டு, நல்ல தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இன்றைக்கு இவள் யாரோடு நிற்கிறாள் என்று பார்த்தே தீர வேண்டும்!

பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே ஸீனாவின் கடை. நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள்.

"வந்துடுச்சு!" பரஸ்கா போனை உயர்த்திக் காட்டினாள். "கொஞ்சம் லேட்டு, ஆனா வந்துடுச்சு. அம்மாவை மறப்பானா எம் புள்ள?"

"சந்தோஷம்க்கா" என்றாள் ஸீனா, தராசைத் துடைத்தபடி. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எப்போதும் இப்படித்தான். இவள் பிளஸைக் காட்டினால் கூட்டம் அடங்கிவிடும். பொறாமை, வேறென்ன என்று பரஸ்கா நினைத்துக்கொள்வாள்.

"பொண்டாட்டிக்கு வரலை பாத்தீங்களா? அவ லட்சணம் அப்படி. மினுக்கிட்டு டவுனுக்குப் போயிருக்கா. நானும் போறேன், கையும் களவுமா பிடிக்கிறேன்!"

ஸீனாவின் கையிலிருந்த துணி நின்றது. "இன்னைக்கு வேண்டாம்க்கா. வெயில்... உங்க உடம்புக்கு ஆகாது. உள்ளே வாங்க, டீ போடறேன்."

"எனக்குத் தெரியாததா? எல்லாரும் சேர்ந்து அவளை மூடி மறைக்கிறீங்க!"

மூடி மறைத்தார்கள்தான். எதை என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

எட்டே கால் பஸ் டவுன் சதுக்கத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது. டிரைவர் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். சண்டையில் செத்தவர்களுக்காகத் தினமும் ஊரே நிற்கிற ஒன்பது மணி மௌனம். ஊர் முழுக்க எல்லா வண்டிகளும் நின்றன. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி நின்றார்கள். பரஸ்காவும் இறங்கினாள். ஒலிபெருக்கியில் கடிகாரம் மட்டும் டிக், டிக் என்று அடித்தது.

தலை குனிந்து நிற்க வேண்டிய நேரம். பரஸ்கா குனியவில்லை, மருமகளைத் தேடினாள்.

சதுக்கத்தின் ஓரமாக ஐம்பது, அறுபது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லாம் பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஓர் ஆணின் பெரிய படம். சண்டையில் காணாமல் போனவர்கள். வியாழன்தோறும் அவர்கள் அங்கே நிற்பது பரஸ்காவும் கேள்விப்பட்டதுதான். ஐயோ பாவம் என்று எண்ணியபடி வரிசையில் கண்ணை ஓட்டினாள். ஏழாவது ஆளிடம் சிவப்பு நூல் பூவேலை தெரிந்தது.

அந்தச் சட்டைக்கு மேலே அவள் மகனின் முகம்.

'நஸார். வயது முப்பத்தொன்று. பிப்ரவரி ஒன்பது முதல் காணவில்லை. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.'

கடிகாரம் அடித்துக்கொண்டே இருந்தது. பரஸ்காவின் சட்டைப்பையில் போன் இருந்தது. அதற்குள் காலையில் வந்த பிளஸ் இருந்தது. பிப்ரவரி ஒன்பது... அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். நம்பர் மாறியது அதற்குப் பிறகு. பேசக்கூடாது, கூப்பிடக்கூடாது... இன்று காலை இவள் உள்ளே போன கையோடு சிணுங்கியதே... அட பாவி மனுஷி, உனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

மௌனம் முடிந்து வண்டிகள் உறுமின. பரஸ்கா எப்படிச் சாலையைக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. எதிரில் போய் நின்றாள். சொலோமியாவின் முகம் வெளிறிப் போயிற்று.

"அத்தை... மாத்திரை போட்டீங்களா?"

முதலில் கேட்டது அதுதான்! பரஸ்காவுக்கு அந்த இடத்திலேயே தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. போனை நீட்டினாள்.

"இது... யாருடி அனுப்பறது?"

சொலோமியா தலையைக் குனிந்துகொண்டாள். படத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"சொல்லுடி! உன் வாயால சொல்லு!"

"நான்தான் அத்தை... பட்டாளத்துலேர்ந்து ரொட்டி ஆலைக்கே வந்து, அவரைக் காணோம்னு காகிதத்தைக் குடுத்துட்டுப் போனாங்க. ஆறு மாசத்துக்கு உங்களுக்கு எந்த அதிர்ச்சியும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அதான் இன்னொரு நம்பர் வாங்கி..." அவள் படத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "அவர் செத்துட்டார்னு யாரும் சொல்லல அத்தை! காணோம்னுதான் சொன்னாங்க. திரும்பி வந்தா அம்மா எங்கேன்னுதானே முதல்ல கேப்பாரு? நான் என்ன பதில் சொல்றது?"

பரஸ்காவுக்கு மகனுக்காக அழத் தோன்றவில்லை, முதலில் வந்தது வெட்கம். நாலு மாதம்! நூற்றுச் சொச்சம் காலை! ஒவ்வொரு காலையும் இந்தப் பெண் மகனின் உயிரைத் தன் விரலால் அனுப்பிவைத்தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டே அவளை மிதித்தவள் யார்?

"எனக்கும் வந்துச்சுன்னு ஒரு பொய் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி? நான் வாயை மூடியிருப்பேனே! உன்னை இப்படி... இப்படியெல்லாம்..."

"விரலு பொய் சொல்லிடுச்சு அத்தை. வாய் வரல. அவர் எனக்கு அனுப்பினார்னு என் வாயால சொல்லிட்டா, நிஜமா அனுப்ப வேண்டியது வராமப் போயிடுமோன்னு பயம்."

"இந்தச் சட்டை?"

"இங்க படம் எடுத்து பேப்பர்ல, நெட்டுல போடறாங்க. எங்கேயாவது எதிரியோட சிறையில அவர் கண்ணுல பட்டா... என்னை அடையாளம் தெரியணும்ல?"

பரஸ்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நடுவில் நஸாரின் படம் நசுங்கியது. "மன்னிச்சுடுடி... மன்னிச்சுடு என் மகளே... உன் காலைத் தொடக்கூட எனக்கு யோக்கியதை இல்ல" என்று ஊர் பார்க்க ஓவென்று அழுதாள். பக்கத்தில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவரவர் கையில் அவரவர் படம்.

"அழாதீங்க அத்தை. நெஞ்சு வலிக்கும்."

"வலிக்கட்டும்!" என்றாள் பரஸ்கா. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, நசுங்கிய படத்தை நீவிவிட்டாள். ஒரு முனையை மருமகளிடம் விட்டு மறுமுனையைத் தான் பிடித்தாள். பன்னிரண்டு மணி வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

ஊர் திரும்பியபோது கடையில் அதே பெண்கள், ரொட்டி வண்டிக்குக் காத்து நின்றிருந்தார்கள். சொலோமியா வீட்டுப் பக்கம் நடந்தாள். பரஸ்கா அவள் கையைப் பிடித்து நிறுத்திக் கடைக்குள் இழுத்துப் போனாள்.

"எல்லாரும் கேளுங்க. நான் தினமும் காட்டிப் பீத்திக்கிட்டேனே, அந்த பிளஸ் எம் புள்ள அனுப்பினதில்ல. இதோ, இவ அனுப்பினது. இவளைப் பத்தி இந்தக் கடையில நின்னு நான் சொன்னதெல்லாம் பொய். கேட்டவங்க எல்லாரும் அதைக் காதிலிருந்து எடுத்துப் போட்டுடுங்க."

ஸீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். நீங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றதுக்கு முந்தின நாள் வீடு வீடா வந்து கெஞ்சிட்டுப் போனா. அத்தைகிட்ட யாரும் மூச்சு விட்டுடாதீங்கன்னு. நீங்க அவளைத் திட்டும்போதெல்லாம் எங்களுக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும்... அவளுக்குக் குடுத்த வாக்கு தடுத்துடும்."

அப்போ பொறாமை இல்லை. நாலு மாதமாக ஊரே தரையைப் பார்த்து நின்றது இவளுக்காக வெட்கப்பட்டு! பரஸ்காவின் முகம் காது வரை எரிந்தது. ஓடி ஒளிய வேண்டும் போலிருந்தது. ஆனால் மருமகள் நாலு மாதம் இதே ஊரில் தலை குனிந்து நடந்தாளே? தானும் கொஞ்ச நேரம் நின்றால் என்ன என்று அங்கேயே நின்றாள். ரொட்டி வண்டி வரும்வரை நின்றாள்.

கிளம்பும்முன் ஸீனாவைத் தனியே கூப்பிட்டுக் காதில் ஏதோ கேட்டாள். ஸீனா அவள் போனை வாங்கி, எந்தப் பொத்தானை எத்தனை தடவை அமுக்க வேண்டும் என்று மூன்று முறை காட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் வெள்ளி. சொலோமியா நாலு மணிக்கே ஆலைக்குப் போய்விட்டாள். பரஸ்கா மேசை முன் உட்கார்ந்திருந்தாள். ரேடியோ ராத்திரிக் கணக்கை வாசித்தது. இனி தன் போன் சிணுங்காது என்று அவளுக்குத் தெரியும். மகன் இருக்கிறானா என்று தெரியாமல் ஒரு காலையைக் கழிக்கிற தைரியம் அவளுக்கு இல்லைதான், ஆனால் இத்தனை நாள் அதே வெறும் காலையை ஒருத்தி வாய் திறக்காமல் விழுங்கியிருக்கிறாள்.

ஐந்து நாற்பது ஆனது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொத்தானைத் தேடித் தேடி அமுக்கினாள். இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. ஒரே ஒரு பிளஸ். சொலோமியாவின் பெயரைத் தேடி அனுப்பினாள்.

ஒரு நிமிஷம் கழித்துப் போன் மணி அடித்தது. எடுத்தால் மறுமுனையில் ஆலை இயந்திரங்களின் இரைச்சல், அதற்கு நடுவே விசும்பல்.

"என்னடி, வந்துச்சா?"

"வந்துச்சு அத்தை... எனக்கு வந்துச்சு!"

"நாளைக்கும் வரும்" என்றாள் பரஸ்கா. "அவனே அனுப்பற வரைக்கும், தினமும் வரும். போ, ரொட்டி கருகிடப் போகுது."