அம்பாரோவின் ஜன்னல்

கூடத்தில் பதின்மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தப் பழைய வீட்டைச் சுற்றிக்காட்டும் கைடு பெனில்டா, பேச்சை நிறுத்தாமலேயே கண்ணால் எண்ணிக்கொண்டாள். பியானோ பக்கம் நாலு பேர். நிலைக்கண்ணாடி முன்னால் தலையைச் சரிசெய்துகொண்டிருந்த மூன்று பெண்கள். சொரூபங்கள் வைத்த ஜெப அறையின் வாசலில் இரண்டு. சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று. அது பன்னிரண்டு. அப்புறம் தெருப்பக்கத்து நடைக்குப் போகும் கதவோரம், திரைச்சீலையின் நிழலில், ஒருவர். புயல் கடலிலேயே நின்றுகொண்டு மூன்று நாளாக மழையை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்ததால், மாலை நாலு மணிக்கே விகான் நகரத் தெருக்களில் விளக்குப் போட்டுவிட்டார்கள். சிப்பித் தகடு பதித்த ஜன்னல்கள் வழியாக உள்ளே வந்த வெளிச்சம் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கலாக இருந்து, யார் முகத்தையும் முழுதாகக் காட்டவில்லை. ஈர மரத்தின் வாசனை, மெழுகின் வாசனை, இவற்றுக்கு அடியில் நெடுநாள் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல் இன்னொரு வாசனை.

தப்பாக எண்ணியிருப்போம் என்று நினைத்தாள். பன்னிரண்டு பேருக்கு மேல் அந்தத் தளம் தாங்காது என்று பழுதுபார்க்கும் பொறியாளர் எழுதியே மாட்டியிருந்தார். தரைப் பலகைகள் கீறாமல் இருக்க, படியடியில் ஒவ்வொருவருக்கும் துணிச் செருப்பு கொடுப்பார்கள். கூடையில் இருந்ததே பன்னிரண்டு ஜோடிதான். அவள் கையாலேயே கொடுத்து ஏற்றியவர்கள்.

இறங்கும்போது படியில் நின்று எண்ணினாள். பன்னிரண்டு. கூடைக்குத் திரும்பி வந்த செருப்பும் பன்னிரண்டு ஜோடி. சரி என்று பெருமூச்சு விட்டாள்.

"எத்தன பேர ஏத்தின?"

கேட்டது அம்போ. அறுபதைத் தாண்டிய தச்சர்; அண்ணன் என்ற மரியாதையில் எல்லோருக்கும் அவர் மனோங். அந்தக் காலத்தில் குதிரை வண்டி நிறுத்திய கீழ்த்தளத்தில் கரையான் தின்ற தூண்களுக்கு ஜாக்கி முட்டுக்கொடுத்து, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார். தலைமுடியெல்லாம் மரத்தூள்.

"பன்னெண்டு பேரு மனோங். வேணும்னா செருப்ப எண்ணிப் பாருங்க."

"செருப்ப எண்ணி நான் என்ன பண்ணட்டும்? இங்க வா தங்கச்சி."

உத்தரத்தில் இருந்த விரிசலின் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டி வைத்திருந்தார். உத்தரம் மயிரிழை அசைந்தாலும் அது உடைந்து காட்டிக்கொடுக்கும். இப்போது அது இரண்டாக உடைந்திருந்தது. பக்கத்து ஜாக்கி மண்ணில் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

"ஒரு ஆளு கூடக்குறைய நின்னா இது உடையாது. ரொம்பக் கனமா என்னமோ ஏறி நின்னிருக்கு. அதுவும் உன் அம்பாரோ ஜன்னலுக்கு நேர் கீழ." பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "நீ சொல்ற கதையக் கேட்டுக் கரையானே அழுதிருக்கும். அழுத தண்ணியில மரம் ஊறிப்போச்சு, அதான் கனம்," என்று சிரித்தார். ஆனால் உடைந்த சில்லை எடுக்க அவர் கையை நீட்டவில்லை.

பெனில்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்பாரோ என்று ஒருத்தி அந்த வீட்டில் இருந்ததே இல்லை என்பது அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டைப் பார்வைக்குத் திறந்த புதிதில், கீழே கல், மேலே மரம், நிலநடுக்கத்துக்கு ஆடிக்கொடுக்கும் கட்டு என்றெல்லாம் அவள் மனப்பாடமாகச் சொன்னபோது வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஒரு மத்தியானம் வாய் தானாக ஒரு கதையைச் சொல்லிவிட்டது: புகையிலைக் கப்பலில் போன கணவனுக்காக, தெருப்பக்கத்து நடையின் கடைசி ஜன்னலில் நாற்பது வருஷம் நின்ற அம்பாரோ. கொட்டாவி நின்றது. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சேர்த்தாள்: வெறுங்கால், அவிழ்ந்த கூந்தல், ராத்திரியில் முனகும் பலகை. பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். இடித்துவிடலாம் என்றிருந்த சொந்தக்காரர்கள் கூரையை மாற்றினார்கள், தச்சரை வைத்தார்கள். ஒரு பொய்தான் அந்த வீட்டை நிறுத்தி வைத்திருந்தது. பாதிரியாரிடம் பாவம் சொல்லும்போதுகூட அதை அவள் சொன்னதில்லை.

ஐந்தரைக்கு டெல்ஃபின் டிரைசைக்கிளோடு வந்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும், மழையென்றால் வாசலிலேயே நிறுத்தி, கழுத்தில் போட்டிருக்கும் துண்டால் அவள் தலையைத் துவட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். பதின்மூன்று பேரை எண்ணியதைச் சொன்னாள்.

"உனக்குக் காய்ச்சல் வரப்போகுது. இஞ்சித் தண்ணி வச்சுத் தரேன், குடிச்சிட்டுப் படு," என்றான். "அப்படி ஒருத்தி கூடுதலா இருந்தா அவளையும் ஏத்திக்கோ. பின்னாடி சீட்டு காலிதான்."

மறுநாள் காலைக் கூட்டத்தில் தவறாமல் எண்ணினாள். படியில் பன்னிரண்டு. கூடத்தில் பன்னிரண்டு. நடையில் நின்று அம்பாரோவைப் பற்றிச் சொல்லி முடித்தபோதும் பன்னிரண்டு. மனசு லேசானது. எல்லோரும் இறங்கிப் போனபின், செபுவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி மட்டும் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா சொன்னம்மா நீ. ஆனா பின்னாடி நின்ன இன்னொரு கைடு சொன்னதுதான் மனசப் பிசைஞ்சிடுச்சு."

"இன்னொரு கைடா?"

"அதாம்மா, உன்ன மாதிரியே நீலப் பாவாடை கட்டிக்கிட்டு. அவ காதோட காதா எங்கிட்ட சொன்னா, அம்பாரோ யாருக்காகவும் காத்திருக்கலியாம். வெளிய விடலியாம்." ஆசிரியை தயங்கினாள். "யாரு விடலன்னு கேட்டேன். உன்னக் கையக் காட்டினா. சரி, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எங்கள பயமுறுத்துறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் போனபிறகும் பெனில்டா படியடியிலேயே நின்றாள். மேலே யாருமில்லை. மழை ஓட்டில் விழும் சத்தம், எங்கோ பல்லி ஒன்று தொண்டையைத் திறந்து கத்தும் சத்தம், இவற்றுக்கு நடுவே நடையின் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக, கடைசி ஜன்னலிலிருந்து கூடம் வரைக்கும், கூடத்திலிருந்து படியின் தலைமாடு வரைக்கும், நிதானமாக அமுங்கி எழுந்தன. ஒவ்வொரு பலகையின் குரலும் அவளுக்குத் தெரியும். கடைசியாக முனகியது படிக்கு மேலே இருக்கும் பலகை. அதன்பிறகு சத்தமில்லை. வந்தது அங்கேயே நின்றுவிட்டது.

நாலு மணிக் கூட்டத்தை நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் மணிலாவிலிருந்து பஸ் வந்துவிட்டது. குடையோடு வாசலில் வரிசை. அம்போவைக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் மேல வந்து எங்கூட நில்லுங்க மனோங்."

"ஜாக்கிய விட்டுட்டு எப்படிம்மா வர? கீழதான இருக்கேன். எதுனாலும் காலால மூணு தட்டு தட்டு, ஓடி வந்துடறேன்." சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மேலே போனதும் தெருப்பக்கத்து நடைக்கு முதுகைக் கொடுத்து, வாசலை மறித்தாற்போல் நின்றுகொண்டாள். மரம், சிப்பி, சுண்ணாம்பு என்று மட்டும் பேசினாள்.

"அம்பாரோ ஜன்னல் எங்கங்க? அதப் பார்க்கத்தானே இவ்ளோ தூரம் வந்தோம்?" கண்ணாடி போட்ட ஒருவன் கேட்டான்.

"அப்படி யாரும் இல்லீங்க," என்றாள். "நான் கட்டின கதை அது. இந்த வீட்ல அம்பாரோன்னு யாரும் இருந்ததில்ல. மன்னிச்சிடுங்க."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம், கூட்டத்தின் பின்னாலிருந்து, ஒரு குரல் ஆரம்பித்தது.

சத்தமாக இல்லை. குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி, தாழ்வான, இனிமையான குரல். வார்த்தை எதுவும் பெனில்டாவுக்குப் புரியவில்லை. ஆனால் ஏற்ற இறக்கம் புரிந்தது. எங்கே நிறுத்துவது, எங்கே பெருமூச்சு, எங்கே குரலை இறக்குவது. அவளுடைய ஏற்ற இறக்கம். அவளுடைய பெருமூச்சு.

பன்னிரண்டு பேரும் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள்.

முதுகுகளுக்கு அப்பால் யார் நிற்பது என்று தெரியவில்லை. தலைகள் ஒரே சமயத்தில் ஆடின. ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். கால்களுக்கு நடுவே, பலகையின் மேல், ஈரமான வெறும்பாதங்கள் இரண்டு தெரிந்தன. அவை நின்ற இடத்தில் பலகை குழிந்திருந்தது.

குரல் நின்றது.

எல்லோரும் மெதுவாகத் திரும்பி பெனில்டாவைப் பார்த்தார்கள். கண்களில் நீர். வாசலோரம் நின்றவள் "பாவம்" என்றாள்.

"எத்தன வருஷமா இங்கயே இருக்கீங்க?" என்று கண்ணாடிக்காரன் மரியாதையாகக் கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் செல்போனைத் தூக்கி அவளைப் படம் எடுத்தான். அடுத்தவரும் எடுத்தார். அதற்கு அடுத்தவரும்.

"நான் கைடுங்க," என்றாள். "என் பேரு பெனில்டா. உங்களக் கூட்டிட்டு வந்ததே நான்தான்."

யாருக்கும் கேட்கவில்லை.

துணிச் செருப்புகள் உரசிக்கொண்டு இறங்கின. முன்னால் வெறுங்கால் இரண்டு, தப், தப் என்று. அவள் ஓடினாள். படியின் தலைமாட்டுக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் இவள் பக்கம். திறந்தேதான் கிடந்தது. கதவு அசையவில்லை.

தரையைக் காலால் உதைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

பலகை இடுக்கின் வழியே கீழிருந்து அம்போவின் குரல் வந்தது. "என்ன பெனி? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மனோங்," என்று அவருக்குப் பக்கத்திலேயே பதில் வந்தது. பெனில்டாவின் குரலில். "மழைக்கு மரம் முனகுது. பூட்டிடலாம் வாங்க."

"கூடத்துல யாரோ உதைச்ச மாதிரி இருந்துச்சே?"

"எல்லாரையும் எண்ணித்தான் எறக்கினேன். மேல யாரும் இல்ல."

பெனில்டா கத்தினாள். பலகையோடு வாயை வைத்துக் கத்தினாள். கீழே சாவி திரும்பியது. அம்போ எதற்கோ சிரிப்பது கேட்டது. பெரிய கதவு இழுபட்டது.

நடை. கடைசி ஜன்னல். சட்டத்தை இழுத்தாள், நகரவில்லை. நகம் பிய்ந்தது. ஒரு சிப்பிச் சதுரத்தை முழங்கையால் இடித்து உடைத்தாள். ஓட்டை வழியே மழைக்காற்று முகத்தில் அடித்தது. கீழே கல் பாவிய தெரு. விளக்குகள். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

டெல்ஃபினின் டிரைசைக்கிள் திருப்பத்தில் வந்தது.

நீலப் பாவாடைக்காரி ஒருத்தி பெனில்டாவின் குடையோடு வாசலிலிருந்து இறங்கினாள். டெல்ஃபின் வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்து வந்தான். கழுத்துத் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினான். காதோரம். பிடரி. நிதானமாக. அவள் சிரித்துக்கொண்டே தலையைக் கொடுத்தாள்.

"டெல்ஃபின்!"

அவன் கை நின்றது. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான்.

"டெல்ஃபின்! மேல பாரு! நான்தான்!"

அந்தப் பெண் அவன் தோளில் கை வைத்தாள். உள்ளங்கையை விரித்து, வந்தவர்களுக்கு எதையாவது காட்டும்போது பெனில்டா காட்டும் அதே மாதிரி, ஜன்னலைக் காட்டினாள். அவன் நிமிர்ந்தான்.

கண்ணுக்குக் கண். அவன் அவளைப் பார்த்துவிட்டான். பெனில்டாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. அவன் உதடு அவள் பெயரைச் சொல்லப்போகிற மாதிரி அசைந்தது. ஒரு காலை வீட்டுப்பக்கம் எடுத்தும் வைத்தான்.

அந்தப் பெண் எட்டி அவன் காதோடு வாயை வைத்தாள். பேச ஆரம்பித்தாள்.

வெகுநேரம் பேசினாள். மழையில் நனைந்தபடி அவன் கேட்டுக்கொண்டே நின்றான். கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகத்தில் பதற்றம் வடிந்தது. நெற்றி தளர்ந்தது. தலை ஒருமுறை ஆடியது. கண் கலங்கியது.

பிறகு டெல்ஃபின் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். ஜன்னலில் நின்ற பெனில்டாவைப் பார்த்தபடியே, கல்லறைத் தோட்டத்தைக் கடந்துபோகிறவன் மாதிரி, மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டான்.