இருவர் ஆழம்

சரளைப் பாதையின் குறுக்கே ஒரு முழ அகலத்துக்குத் தரை அமுங்கியிருந்தது. போன ஞாயிறு அது அப்படி இல்லை. எல்ஸ்பெத்துக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்தக் கல்லறைத் தோட்டத்தில் பாதைதான் எல்லை. இந்தப் பக்கம் பிரெஸ்பிட்டேரியன் சபைக்காரர்கள், அந்தப் பக்கம் கத்தோலிக்கர்கள். இந்தப் பக்கம் அவள் புருஷன் ஹெக்டர். அந்தப் பக்கம் அவனுடைய மூத்த தாரம் நோரா. நோரா பக்கத்தில் போடச் சொல்லித்தான் சாகும்போது கேட்டான். சபை ஒத்துக்கொள்ளாது என்று எல்ஸ்பெத் சொல்லிவிட்டாள். சபையை அவள் கேட்கவேயில்லை. இருவர் ஆழத்துக்குக் குழி வெட்டச் சொல்லி அவனை அடியில் வைத்தாள். மேலே தனக்கு இடம். உயிரோடு இருந்தவரை முழுசாகக் கிடைக்காதவன் இனி எங்கே போய்விடுவான்?

இப்போது மூத்தாள் மண்ணுக்கடியில் அவனைத் தேடி வருகிறாள்.

குழிவெட்டி கார்மெனு, மால்டாக்காரன், மெல்பர்ன் மழைக்குக் களிமண் இப்படித்தான் இறங்கும் என்றான். அவள் கேட்கவில்லை. வாராவாரம் வாளியில் மண் கொண்டுவந்து பள்ளத்தில் கொட்டினாள். வாராவாரம் பள்ளம் நீண்டது. ஒருநாள் மாலை, நனைந்த சைப்ரஸ் மரங்களின் கசந்த மணத்துக்கும் மதிலுக்கு வெளியே டிராம் உரசிப்போகும் சத்தத்துக்கும் நடுவே, யாரோ ஈரமண்ணை விரலால் பறித்துப் பறித்துப் பின்னே தள்ளும் சரசரப்பு அவள் காலுக்கடியில் கேட்டது.

கார்மெனுவைக் கூட்டிவந்தாள். "எதுவரைக்கும் வந்துட்டா அவ? குத்திப் பாரு."

கார்மெனு இரும்புக் கம்பியைக் குத்திக்கொண்டே போனான். பள்ளத்தின் இரண்டு முனையையும் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றான்.

"மிஸஸ், நீங்க தலைகீழா நினைச்சிருக்கீங்க. அங்கேருந்து யாரும் வரல. உங்காளு கிட்டேருந்துதான் கிளம்பியிருக்கு."

ஹெக்டரின் குழியில் கம்பியை இறக்கினான். பெட்டி தட்டவில்லை. இன்னும் அழுத்தினான். கைப்பிடிவரை இறங்கியது. வெறும் பள்ளம். கார்மெனு சிலுவை போட்டுக்கொண்டான். கம்பியை எடுக்காமலே போய்விட்டான்.

எல்ஸ்பெத் பாதையைத் தாண்டினாள். முதல் தடவையாக.

நோராவின் பழைய குழி தட்டையாகக் கிடக்க வேண்டும். புதுமண்ணாய் உப்பியிருந்தது. ஒற்றை ஆளுக்கான மேடு இல்லை அது.

மிதித்தாள். அமுங்கவில்லை. இரண்டு காலாலும் மிதித்தாள்.

"வெளிய வா. நீ எம் புருஷன்."

அடியில் ஹெக்டர் தொண்டையைச் செருமினான். வீட்டில் நோராவைப் பற்றி அவள் வாயெடுக்கும்போதெல்லாம், போதும் என்பதற்குச் செருமுவானே, அதே செருமல்.

பிறகு மேடு லேசாகக் குலுங்கியது. கீழே ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.